எதிரே ஒரு முகம்

எந்த விருந்துக்குப் போனாலும் என்னை யாரும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. தட்டைக் கையில் எடுத்த உடனே யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். "நீங்க அந்த மூளை ஆபீஸ்லதானே வேலை பாக்கறீங்க?" என்று ஆரம்பிப்பார்கள்.

மூளை ஆபீஸ் இல்லை, முதுமை ஆய்வு மையம். வயது ஏற ஏற மனிதர்களின் உடம்பும் மூளையும் எப்படி மாறுகின்றன என்று அதே ஆட்களை வருடாவருடம் வரவழைத்துப் பார்க்கிற இடம். நான் அங்கே டாக்டரும் இல்லை. சோதனைகளை நடத்துகிறவள். வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன், நடக்கச் சொல்லிப் பார்ப்பேன், கைப்பிடியை இறுக்கச் சொல்லி அளப்பேன். ஒரு குட்டிக் கதையை வாசித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். ஆனால் விருந்தில் வந்து நிற்பவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? வால்நட் சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா, குறுக்கெழுத்து போட்டால் மறதி வராதா, மீன் எண்ணெய் மாத்திரை நல்லதா என்று வரிசையாகக் கேட்பார். என் மகளின் மாமியார் வால்நட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அது பார்ப்பதற்கு மூளை மாதிரியே இருப்பதால் மூளைக்கு நல்லதாம். அப்படியானால் காலிஃபிளவர் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் மேதைகளாக இருக்க வேண்டுமே என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். சம்பந்தியம்மா ஆயிற்றே என்று அடக்கிக்கொள்வேன்.

எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள், புகையை விடுங்கள், நாலு பேரோடு பேசிப் பழகுங்கள், கண்ணையும் காதையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரே மாத்திரையில் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் அவர் மாத்திரை விற்கிறவர். இதைக் கேட்டதும் வந்தவரின் முகம் தொங்கிப்போகும். "அவ்ளோதானா?" என்பார். அவ்வளவையும் செய்கிறவர் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குள் என் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. அவருக்குச் சொந்தமாக மரவேலைப் பட்டறை. மேசை, அலமாரி, கட்டில் எதைக் கேட்டாலும் செய்து தருவார். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் உடம்பு கட்டுக்குலையவில்லை. ஆள் நல்ல மனிதர். ஆனால் கொஞ்ச காலமாக நான் சொல்வது ஒன்றும் அவர் தலையில் நிற்பதில்லை.

பல்பு வாங்கிவரச் சொல்வேன். வெறுங்கையோடு வருவார். மகள் சனிக்கிழமை வருகிறாள் என்று சொல்லியிருப்பேன். சனிக்கிழமை வாசலில் அவளைப் பார்த்து, "அட, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியே!" என்று ஆச்சரியப்படுவார். "நான்தான் சொன்னேனே" என்றால் என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வையில் ஒரு திகைப்பு இருக்கும். பிறகு, "ஆமா, சொல்லியிருப்பே" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டாளிகளோடு சீட்டாடப் போவார். அதையும் விட்டுவிட்டார். விருந்துகளில் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய அம்மா, அதாவது என் மாமியார், இப்படித்தான் ஆரம்பித்தார். கடைசிக் காலத்தில் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த என்னிடமே, "நீ யாரும்மா, நல்லா இருக்கே" என்று கேட்டவர். அவர் கேட்டபோது சிரித்துச் சமாளித்தேன். இவர் கேட்டால் என்னால் தாங்க முடியாது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுப்படியில் நின்றால் வாய் சும்மா இருக்காது, வேலையோடு வேலையாக எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். முக்கால்வாசி வீட்டுக்காரரைத் திட்டுவதுதான். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக அந்த முணுமுணுப்பே மாறிவிட்டது. "இந்த மனுசன் என்னை மறந்துடக் கூடாது, இந்த மனுசன் என்னை மறந்துடக் கூடாது" என்றுதான் வாயில் வந்தது.

கடைசியில் நச்சரித்து, எங்கள் மையத்திலேயே சோதனைக்கு உட்கார ஒப்புக்கொள்ள வைத்தேன். சொந்தக்காரர்களை நாங்களே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் என்னோடு வேலை பார்க்கிற பென்சில் அவரைச் சோதிப்பதாக முடிவாயிற்று. பென்சில் என்பது நாங்கள் வைத்த பெயர். அவள் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டே மேசை முழுக்கத் தேடுவாள்.

இந்த இடத்தில் எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதையை யார் வாசித்தாலும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும். ஒரே வேகம், ஒரே இடத்தில் நிறுத்தம், எந்த வார்த்தைக்கும் அழுத்தம் கூடாது. முக்கியமாக, தாளைப் பார்க்காமல் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கதை அவ்வப்போது மாறும். புதுக் கதை வந்தால் மனப்பாடமாகும்வரை பழக வேண்டும். பழகுவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு முகம். எனவே காலையில் அவர் டீ குடிக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகுவேன்.

அப்போது வந்திருந்தது குடைக் கதை. தபால் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண், வியாழக்கிழமை மாலை, தன் மஞ்சள் குடையைப் பேருந்தில் மறந்துவிட்டாள். ஓட்டுநர் அதைக் கடைசி நிறுத்தத்தில் இருந்த பூக்கடையில் கொடுத்தார். மறுநாள் மழையில் நனைந்தபடி வந்த அவள், குடையை வாங்கிக்கொண்டு, பூக்காரருக்கு ஒரு பை ஆரஞ்சு கொடுத்தாள். அவ்வளவுதான் கதை.

இதை வீட்டில் ஒப்பித்தது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? இந்த மனிதர் நான் சொல்கிற எதைக் காதில் வாங்கியிருக்கிறார், இதை மட்டும் வாங்குவதற்கு!

சோதனை முடிந்து பென்சில் வெளியே வந்த வேகத்தைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன்.

"அக்கா! இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லக்கா. ஒரு வார்த்தை விடல. மஞ்சள் குடை, வியாழக்கிழமை, ஆரஞ்சு, எல்லாம் வரிசையா வருது. அரை மணி கழிச்சும் அப்படியே. நீங்க நிறுத்துற இடத்துலயே அவரும் நிறுத்தறாருன்னா பாத்துக்கோங்க."

பின்னாலேயே அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வரும் வழியில் டீக்கடைக்காரர், தையல்காரர், எதிரில் சைக்கிளில் வந்த தபால்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, மூளை சும்மா கில்லி மாதிரி இருக்காம்" என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கதவைச் சாத்தினேன்.

"ஏங்க, அது நான் தினம் சொன்ன கதைதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"தெரிஞ்ச கதைன்னு அவகிட்ட சொல்ல வேண்டாமா?"

"பரீட்சையில படிச்ச பாடம் வந்தா யாராவது எழுந்து நின்னு, வேற கேளுங்க சார்னு சொல்வாங்களா? அது போகட்டும், மழையில நனைஞ்சுக்கிட்டு வர்றவ ஆரஞ்சு வாங்கற கடையிலேயே ஒரு குடையும் வாங்கியிருக்கலாமே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேசாமல் விட்டுவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். அவர் கோப்பில் நன்றாக இருக்கிறார் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் உள்ளே உண்மையில் ஏதாவது தொடங்கியிருந்தால்? கவனிக்க வேண்டிய காலத்தையெல்லாம் இந்தப் பொய் மார்க்கை வைத்துக்கொண்டு கோட்டைவிட்டதாக ஆகிவிடும். மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் மையத்து டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல சகுனமில்லை. "பழகறதுக்கு ஊர்ல வேற முகமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார். நன்றாக டோஸ் விட்டார். வாங்கிக்கொண்டேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுவரைக்கும் யாருமே உறை பிரிக்காத கதை ஒண்ணு இருக்கு. நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் என்னைப் பின்னால் ஒரு மூலையில் உட்கார அனுமதித்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. பென்சில் உறையைக் கிழித்துக் கதையை எடுத்தாள். அவளுக்கே அது புதுக் கதை, பழகியிருக்கவில்லை. அதனால் தாளில் தலையைக் குனிந்தபடி, ஒரு வரியும் தப்பிவிடக் கூடாது என்று கவனமாக வாசித்தாள். முடிதிருத்துபவர் ஒருவர், அவருடைய பழுப்பு நாய், ரயில் நிலையம், தொலைந்துபோன பயணச்சீட்டு. என் வீட்டுக்காரர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, அவள் கொண்டையில் இருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க சார்."

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு ஆளு..." என்றார். "நாயி... அப்புறம் ஏதோ டிக்கெட்டு."

அவ்வளவுதான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மகள் வந்த சனிக்கிழமை பார்த்த அதே திகைப்பு. முந்தின நாள் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "அந்தக் குடைக் கதை நமக்கு எப்போ வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்."

"அப்போ பழைய ஞாபகம்னும் சொல்ல முடியாது. இந்த ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு முழுக் கதையைப் புதுசா வாங்கி வச்சிருக்கார், ஒரு ஆரஞ்சுகூடக் கீழ விழாம. அப்படிப்பட்டவரால ஒரு நாயை அரை நிமிஷம் வச்சுக்க முடியலையா? எங்கயோ இடிக்குதே." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், இன்னிக்கு என்ன ஆச்சு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொண்ணு மேல குறை சொல்றேன்னு நினைக்காதீங்க டாக்டர். அது பேப்பர்கிட்ட பேசுச்சு. எங்கிட்ட பேசல."

டாக்டரம்மா எழுந்தார். பேச்சு வாக்கில் நடப்பது மாதிரி என் வீட்டுக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "உங்க சட்டை காலர்ல பசை ஒட்டியிருக்கு சார்" என்றார். மூலையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் அசையவே இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். விருந்துகளில் சிரிக்கும் அதே சிரிப்பு.

என் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. வருகிறவர்கள் எல்லோரிடமும் தினமும் நான் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "காது நல்லா கேக்குதா?" ஊருக்கெல்லாம் கேட்டவள், வீட்டில் கேட்கவில்லை.

அடுத்த அறையிலேயே காது சோதனை நடந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தங்களுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினார். மெல்லிய கீச்சுச் சத்தங்கள் வந்தபோது கை அப்படியே மடியில் கிடந்தது.

"எத்தனை வருஷமா மரம் அறுக்கற மெஷின் பக்கத்துல நிக்கறீங்க?" என்று டாக்டரம்மா சத்தமாக, அவர் எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"மீசை முளைச்சதுலேர்ந்து."

"காதுக்கு ஒண்ணும் மாட்டிக்க மாட்டீங்களா?"

"இருக்கு டாக்டர். ஆணியில தொங்குது. அதுமேலதான் தொப்பியை மாட்டுவேன்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பிறகு விளக்கினார். "இவருக்குச் சத்தம் கேக்கும், வார்த்தை பிரியாது. ஆள் பேசறது தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. முகத்தைப் பாத்து நிதானமாச் சொன்னா உதட்டை வச்சுப் பாதியைப் புடிச்சுக்குவார். ஒரு விஷயத்தை மறக்கணும்னா முதல்ல அது உள்ள போகணும். உள்ளயே போகாததை மறதின்னு எப்படிச் சொல்றது?" காதைக் கவனிக்காமலே விட்டால், பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளை பாதிச் சக்தியைச் செலவழிக்கும், ஆள் மெல்லக் கூட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுவார், நாளடைவில் அது ஞாபகத்துக்கும் நல்லதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன என்றார். "மூளைக்குன்னு நாம செய்யக்கூடிய சில காரியங்கள்ல இது ஒண்ணு. கருவி மாட்டிக்குங்க. அதுக்கப்புறம் ஒழுங்கா இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுவோம். வருஷாவருஷம் வாங்க. ஆயுசுக்கும் உத்தரவாதம் என்னால தர முடியாது, யாராலயும் முடியாது. ஆனா இன்னிக்கு நீங்க பயந்தது இது இல்ல."

வெளியே வந்து பேருந்துக்காக நின்றபோது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"நீ சொன்னேன்னு சொல்லுவே. எனக்கு நீ சொன்ன ஞாபகமே இருக்காது. அம்மா மாதிரி ஆயிடுச்சு போலன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொல்லி? நீ அம்மாவுக்கு ஊட்டினதை நான் பாக்கலையா?" என்றார். "அதான், அந்தக் குடைக் கதையைத் தினம் பட்டறையில எனக்கு நானே சொல்லிப் பாத்துக்குவேன். முழுசா வந்துடுச்சுன்னா, இன்னிக்குப் பரவால்லன்னு நிம்மதியா மெஷினைப் போடுவேன்."

"போயும் போயும் அந்தக் கதைதான் கிடைச்சுதா?"

"வேற எது இருக்கு? நீ என் மூஞ்சியைப் பாத்து, நிதானமா, முழுசா சொல்றது அது ஒண்ணுதானே."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பல்பையும் மகள் வருவதையும் நான் எங்கே நின்று சொன்னேன்? மிக்ஸி ஓடும்போது, குழாயைத் திறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடும்போது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்தேன், இவருக்கு என் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினேன். பேருந்து வந்ததும் அவர்தான் என் கைப்பையை வாங்கிக்கொண்டு ஏறினார்.

கருவி வந்தது. இரண்டு காதிலும் பயறு அளவுக்கு ஒன்று. முதல் நாள் அவர் வீடு முழுக்கச் சுற்றி வந்தார். குளிர்பெட்டி உறுமுகிறது என்றார், செய்தித்தாள் இரைகிறது என்றார், என் வளையல் சத்தம் போடும் என்பதே மறந்துபோயிருந்தது என்றார். பட்டறையில் காது மூடிக்கு விமோசனம் கிடைத்தது. தொப்பிக்குத் தனியாக ஓர் ஆணி அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போய், இத்தனை நாள் தன்னை ஏமாற்றி ஆடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

எனக்குத்தான் கஷ்டகாலம். கருவி வந்த அன்று மாலையே அடுப்படியில் நின்றுகொண்டு, "ஈரத் துண்டைக் கட்டில் மேல போடற புத்தி இந்த ஜென்மத்துல போகாது" என்று வழக்கம்போல முணுமுணுத்தேன். "இதோ எடுத்துடறேன்" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. என் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. நான் இத்தனை வருடமாகப் பொறுமை என்று நினைத்திருந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொள்வதென்று முடிவெடுத்தேன்.

ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? சில நாள் கழித்து ஒரு காலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஏதோ யோசனையில் நின்றிருந்தேன். வாய் தன்பாட்டுக்குப் பழைய பாட்டை எடுத்துவிட்டிருக்கிறது. "இந்த மனுசன் என்னை மறந்துடக் கூடாது."

கூடத்தில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்து, ஒரு நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு, என் எதிரே உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே நிறுத்துவேனோ அங்கங்கே நிறுத்தி, எந்த வார்த்தைக்கும் அழுத்தம் கொடுக்காமல், சொல்ல ஆரம்பித்தார்.

"வாடகை ரூம்ல தங்கிப் படிச்சுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கால் உடைஞ்ச நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ஒரு பட்டறைக்கு வந்தா. தோள்ல ஒரு நீலப் பை. ஒரு செருப்புல வார் அறுந்து, கயிறு கட்டியிருந்தா. வாய் ஓயாம அந்த நாற்காலியைத் திட்டிக்கிட்டே இருந்தா. பட்டறைக்காரன் நாற்காலிக்குக் கால் போட்டுட்டு, வேணும்னே ஒரு கால்ல ஆணியை இறுக்காம விட்டான், அவ மறுபடியும் வரட்டும்னு."

இந்த ஆணி விஷயம் எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை.

"அரை மணி நேரம் கழிச்சுக் கேளு," என்றார், "திருப்பிச் சொல்றேன்."

பால் பொங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குத்தான் கேட்டது.